சறுக்கலின் இலக்கணம்: இலேசான காரின் சில்லுக் கோணங்களும் ரயர்த் தெரிவும்

மோட்டார் வண்டியொன்றின் சில்லுகள் எத்தனை பாகை சாய்ந்திருத்தல் வேண்டும், பின்சில்லுகளுக்கு எத்தகைய ரயர் பொருந்தும் என்னும் வினாக்கள் கராச்சுக்கு உரியனவேயன்றி ஆய்விதழுக்கு உரியனவல்ல என எண்ணுவோர் எம்மிடையே உளர். கருவி பற்றிய அறிவைக் கைவினைஞரிடம் விட்டுவிட்டுக் கருத்துப் பற்றிய அறிவை மாத்திரம் தனக்கெனப் பிரித்துக்கொண்ட கல்விமரபொன்றின் எச்சமே இவ்வெண்ணம் எனலாம். மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்குமிடையே உள்ள சமூகப் பிரிவினையை விமர்சிக்கும் முற்போக்காளர் பலரும் தமது வாசிப்பிலே அப்பிரிவினையை அப்படியே பேணிவருதல் கண்கூடு. எனவே, கராச்சிலே உருவான ஓர் அறிவை அதற்குரிய நுணுக்கங்களோடு விளக்கி, அது தோன்றிய நிலைமைகளையும் பின்னர் அடைந்த மாற்றத்தையும் ஆராய்வதை இக்கட்டுரையின் நோக்கமாகக் கொள்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் யப்பானிலே தோன்றி இன்று உலகெங்கும் 'டிரிப்டிங்' என வழங்கப்படும் சறுக்கோட்டம் ஆகும். வளைவொன்றிலே காரின் பின்சில்லுகளை வேண்டுமென்றே வழுக்கச் செய்து, முன்சில்லுகளை வளைவுக்கு எதிர்த்திசையிலே திருப்பி, வண்டியைப் பக்கவாட்டாகவே கட்டுப்பாட்டுடன் செலுத்துதலே அது. பெருவலு கொண்ட எஞ்சின் இருப்பின் ஆர்முடுக்கியை அழுத்திய மாத்திரத்தே பின்சில்லுகள் பிடியிழந்து விடும். வலுக் குறைந்த, இலேசான காருக்கு அது எளிதன்று. அங்கே சில்லுக் கோணங்களும் ரயரும் துணைவிடயங்களல்ல. அவையே சறுக்கலைச் சாத்தியமாக்குவன. ஆதலின் இலேசான காரே இவ்வறிவைப் பயில்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

1. சூழலும் வண்டியும்

யப்பானியப் பந்தயக்காரர் குனிமிற்சு தக்காஹஷியின் பெயரே சறுக்கோட்டத்தின் தொடக்கத்தோடு வழக்கமாக இணைத்துப் பேசப்படுகின்றது. 1961ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியிலே நடைபெற்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 250 சீ.சீ. பிரிவிலே வென்று, அத்தகைய வெற்றியை ஈட்டிய முதலாவது யப்பானியர் என்னும் பெருமையைப் பெற்றவர் இவர். பின்னர் கார்ப் பந்தயத்துக்கு வந்து, 1970களிலே வளைவுகளைச் சறுக்கியவாறே கடக்கும் முறையொன்றைக் கையாண்டார். அவரைப் பார்த்துப் பயின்ற கெயிச்சி சுச்சியா, 1980களிலே அம்முறையை மலைப்பாதைகளிலே வளர்த்துப் பரவச் செய்தார். பந்தயத்திடலுக்குக் கட்டணஞ் செலுத்த வசதியற்ற இளைஞருக்கு, இரவிலே வெறிச்சோடிக் கிடந்த மலைப்பாதை இலவசமான பயிற்சிக்களமாயிற்று. அது சட்டத்துக்கு மாறானது என்பதையும் ஆபத்து நிறைந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

இவ்விளைஞரின் வண்டியாகப் பெயர் பெற்றது 1983 முதல் 1987 வரை உற்பத்தி செய்யப்பட்ட ரொயோட்டா ஏஈ86 ஆகும். 'கொரொல்லா லெவின்', 'ஸ்பிரின்ரர் றுவேனோ' என்னும் இரு பெயர்களில் அது விற்கப்பட்டது. அதன் வரலாறு மனங்கொளத்தக்கது. 1983இலே கொரொல்லா இனம் பெருமளவுக்கு முன்சில்லு இயக்கத்துக்கு மாற்றப்பட்டது. உள்ளிடம் மிகுதியாதல், நிறை குறைதல் ஆகிய நலன்கள் அம்மாற்றத்துக்குக் காரணமாயின. ஆயினும் இவ்விரு விளையாட்டு மாதிரிகள் மாத்திரம் முந்திய தலைமுறையின் அடித்தளத்தைப் பெருமளவு தழுவிப் பின்சில்லு இயக்கத்துடனேயே வெளிவந்தன. நிறுவனத்தின் நோக்கிலே பழைய பாகங்களின் மறுபயன்பாடாக இருந்தது, மலைப்பாதை இளைஞருக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாக அமைந்தது. ஏறத்தாழ 900 முதல் 1000 கிலோகிராம் வரை நிறை, 1587 சீ.சீ. கொள்ளளவும் 130 குதிரைவலுவும் கொண்ட 4ஏ-ஜீஈ எஞ்சின். பின்புறத்தே இரு சில்லுகளையும் ஒன்றாய்ப் பிணைக்கும் திண்மையான அச்சு. பாவித்த வண்டியாயின் சம்பளக்காரனும் எட்டிப்பிடிக்கத்தக்க விலை. இவையே அதன் இயல்புகள்.

2. வலுவும் பிடியும்

சில்லுக் கோணங்களை விளங்கிக்கொள்ளுமுன் ரயரின் பிடி பற்றிய அடிப்படையொன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியம். ரயரொன்று வீதியிலே செலுத்தத்தக்க உராய்வுவிசைக்கு எல்லையுண்டு. அவ்வெல்லை ஏறத்தாழ அதன்மீது சுமத்தப்பட்ட நிறையை உராய்வுக் குணகத்தால் பெருக்க வருவதாகும். இவ்வளவான பிடியை ரயர் முன்னோக்கித் தள்ளவும் பயன்படுத்தலாம், வளைவிலே பக்கவாட்டாக வண்டியைத் தாங்கவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றுக்குச் செலவிட்டது மற்றதற்கு எஞ்சாது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான விசைகளாதலின் அவற்றின் கூட்டைப் பைதகரசின் தேற்றத்தைக் கொண்டே கணித்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் திணிவு 1000 கிலோகிராம் எனக் கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 9,800 நியூற்றன். அதிலே 4,800 நியூற்றன் பின்னச்சின்மீது தங்கியுள்ளது எனக் கொள்வோம். மென்மையான, நன்கு பற்றும் ரயரின் குணகத்தை 0.9 என எடுத்தால் பின்னச்சின் பிடி ஏறத்தாழ 4,300 நியூற்றன். கடினமான மலிந்த ரயரின் குணகத்தை 0.75 என எடுத்தால் அது 3,600 நியூற்றன் மாத்திரமே.

இனி எஞ்சினின் பக்கத்தைப் பார்ப்போம். இவ்வெஞ்சினின் உச்ச முறுக்கம் ஏறத்தாழ 149 நியூற்றன் மீற்றர். மூன்றாவது கியரின் விகிதம் 1.384, இறுதி விகிதம் 4.3. இவற்றைப் பெருக்கி, 185/60 அளவுள்ள 14 அங்குல ரயரின் ஆரையான 0.289 மீற்றரால் வகுத்து, வழியிலே உராய்வால் இழக்கப்படுவதைக் கழித்தால், வீதியிலே சேரும் உந்துவிசை ஏறத்தாழ 2,700 நியூற்றனாகும். நேர்வீதியிலே இவ்விசை எந்த ரயரையும் வழுக்கச் செய்யப் போதாது என்பது வெளிப்படை.

ஆனால் வண்டி வளைவிலே செல்லும்போது, பின்னச்சு பக்கவாட்டாக 3,000 நியூற்றனைத் தாங்கிக்கொண்டிருக்கிறது எனக் கொள்வோம். மென்மையான ரயரிலே முன்னோக்கித் தள்ளுவதற்கு எஞ்சும் பிடி ஏறத்தாழ 3,100 நியூற்றன். எஞ்சினின் 2,700 அதனை மீறமாட்டாது. வண்டி அமைதியாக வளைவைக் கடந்துவிடும். கடினமான ரயரிலோ எஞ்சுவது ஏறத்தாழ 2,000 நியூற்றன் மாத்திரமே. எஞ்சின் அதனை எளிதில் மீறிவிடும். பின்புறம் வழுக்கத் தொடங்கும். வண்டியும் எஞ்சினும் வளைவும் வேகமும் மாறாதிருக்க, ரயர் ஒன்றே பெறுபேற்றைத் தீர்மானித்தது. குணகங்களை நாம் விளக்கத்துக்காகவே எடுத்துக்கொண்டோம். எனினும் அவற்றால் புலப்படும் உறவு மெய்யானது. வலுவைக் கூட்ட வசதியில்லாதவன் பிடியைக் குறைக்கிறான் என்பதே அவ்வுறவின் சாரம்.

இதனோடு நிறைமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வளைவுக்கு முன்னர் தடுப்பை அழுத்தும்போது நிறை முன்னச்சுக்குப் பெயர்கின்றது; பின்னச்சின் பிடி அந்த அளவுக்குக் குறைகின்றது. கிளச்சை ஒருகணம் மிதித்துச் சடுதியாக விடுவித்தல், கைத்தடுப்பை ஒருகணம் இழுத்தல், வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒருமுறை திருப்பிப் பின் வளைவுக்குள் எறிதல் ஆகியன யாவும் குறைந்த வலுவை உரிய கணத்திலே போதுமானதாக்கும் உத்திகளே.

3. முன்சில்லுகளின் கோணங்கள்

பின்புறம் வழுக்கத் தொடங்கியபின் வண்டியைக் கட்டுப்படுத்துவன முன்சில்லுகளாம். அவற்றின் அமைவைத் தீர்மானிக்கும் கோணங்கள் மூன்று. கராச்சுகளிலே இவை காஸ்ரர், கேம்பர், ரோ எனப்படும்.

காஸ்ரர் என்பது வண்டியைப் பக்கத்திலிருந்து நோக்கும்போது சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவாகும். துவிச்சக்கர வண்டியின் முன்கவர் சாய்ந்திருத்தலை இதற்கு ஒப்பிடலாம். இச்சாய்வினால், சில்லு தான் செல்லும் திசையை நோக்கித் தானாகவே திரும்ப முயலும். பின்புறம் வழுக்கும்போது வண்டியின் முகம் ஒரு திசையை நோக்க, அதன் திணிவு வேறு திசையிலே செல்கின்றது. அப்போது காஸ்ரர் மிகுந்த சில்லுகள் செல்திசையை நாடி எதிர்ப்பக்கம் தாமே திரும்பும். ஓட்டுநர் சுக்கானைக் கையிலே வழுக்கவிட்டு, உரிய கணத்திலே பற்றிக்கொண்டாற் போதும். சறுக்கோட்டத்துக்கு 6 முதல் 8 பாகை வரையான காஸ்ரர் பொதுவாகக் கையாளப்படுகின்றது. ஏஈ86இலே கீழ்க்கரத்தை இழுத்துப் பிடிக்கும் கோலின் நீளத்தை மாற்றி இதனைப் பெறலாம்.

கேம்பர் என்பது முன்னிருந்து நோக்கும்போது சில்லு நிமிர்நிலையிலிருந்து சாயும் அளவாகும். மேல்விளிம்பு உள்நோக்கிச் சாயின் அது எதிர்க் கேம்பர். சறுக்கோட்டக் காரின் முன்சில்லுகள் 3 முதல் 4 பாகை வரை உள்நோக்கிச் சாய்ந்திருப்பதைக் காண்போர் அதனை அலங்காரமெனக் கருதுவதுண்டு. அது கணிதத்தின் விளைவேயாம். வலப்புற வளைவொன்றைச் சறுக்கிக் கடக்கும் காரை நினைத்துப் பார்ப்போம். நிறை இடது முன்சில்லின்மீது சாய்கின்றது. சில்லுகளோ எதிர்ப்பக்கமாகிய இடப்புறம் திரும்பியுள்ளன. காஸ்ரர் உள்ள வண்டியிலே இடப்புறம் திரும்பும் இடச்சில்லின் மேல்விளிம்பு வெளிநோக்கிச் சாயும். காஸ்ரர் 6 பாகையும் திருப்பம் 40 பாகையுமாயின், இவ்வாறு ஏற்படும் வெளிச்சாய்வு 4 பாகைக்குச் சற்றுக் குறைவானதாகும். முன்கூட்டியே 4 பாகை உட்சாய்வு கொடுக்கப்பட்டிருப்பின் அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, சுமைதாங்கும் ரயர் வேண்டிய கணத்திலே தட்டையாக வீதியிலே படியும். நேர்வீதியிலே பிழையாகத் தோன்றும் கோணம் சறுக்கலின் உச்சத்திலே சரியானதாகிவிடுகின்றது.

ரோ என்பது மேலிருந்து நோக்கும்போது இருசில்லுகளின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நாடுகின்றனவா விலகுகின்றனவா என்பதைக் குறிக்கும். சறுக்கோட்டத்திலே முன்சில்லுகளைச் சமாந்தரமாகவோ 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை விலகியோ வைத்தல் வழக்கம். சிறுவிலகல் இருப்பின் வண்டி சுக்கானுக்கு உடனே இணங்கி வளைவுக்குள் புகும். விலகல் மிகுந்தாலோ நேர்வீதியிலே வண்டி அலைவதோடு ரயரின் உள்விளிம்பும் தேய்ந்துவிடும்.

இவற்றை அமைக்கும் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. காஸ்ரரை மாற்றினால் கேம்பர் மாறும். கேம்பரை மாற்றினால் ரோ மாறும். ஆகவே முதலிலே காஸ்ரர், அடுத்துக் கேம்பர், இறுதியிலே ரோ என்னும் வரிசையிலேயே வேலை நடைபெறல் வேண்டும். தரை மட்டமாயிருத்தலும், ரயர்களிலே உரிய அளவு காற்று இருத்தலும், ஓட்டுநரின் நிறைக்கு ஈடான சுமை ஆசனத்திலே வைக்கப்படுதலும் இன்றியமையாதன. இதற்கு விலையுயர்ந்த கணினிக் கருவி வேண்டுமென்பதில்லை. வண்டியின் இருபக்கமும் அதன் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக நூல் கட்டி, நூலிலிருந்து சில்லு விளிம்பின் முன்புறமும் பின்புறமும் உள்ள தூரத்தை அளந்து ரோவைக் கணிக்கும் முறை இன்றும் வழக்கிலுள்ளது. கேம்பருக்கு மட்டமும் கோணமானியும் போதும்.

நான்காவதாக ஒரு விடயமும் உண்டு. சாதாரண காரிலே திரும்பும்போது உட்சில்லு வெளிச்சில்லைவிடக் கூடுதலாகத் திரும்பும் வகையில் இணைப்புக்கள் அமைக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பு அக்கர்மன் வடிவியல் எனப்படும். எதிர்ப்பக்கம் திருப்பிச் சறுக்கும்போதோ சுமைதாங்கும் சில்லே இவ்வாறு கூடுதலாகத் திரும்பி, வீதியிலே உரசி, வேகத்தைக் குறைத்துவிடும். எனவே சறுக்கோட்டக்காரர் இணைப்புக்களை மாற்றி இருசில்லுகளையும் ஏறத்தாழச் சமாந்தரமாகத் திரும்பச் செய்வர். திருப்பக் கோணத்தைக் கூட்டுவதற்குச் சுக்கான் பற்சட்டத்தின் அந்தத்திலே சில மில்லிமீற்றர் தடித்த வளையமொன்றை இடைச்செருகுதல் மிக மலிவான வழி. இங்கு ஒரு பெயர் வரலாற்றையும் குறிப்பிடல் தகும். இவ்வடிவியலை 1817ஆம் ஆண்டளவிலே கண்டறிந்தவர் மியூனிச் நகரத்து வண்டி செய்வோரான ஜோர்ஜ் லங்கென்ஸ்பெர்கர். 1818இலே அதற்கு இலண்டனிலே காப்புரிமை பெற்றவர் அவருடைய முகவரும் சித்திரநூற் பதிப்பாளருமாகிய றுடோல்ப் அக்கர்மன். பயன்பாட்டிலே நிலைத்தது உரிமை பெற்றவரின் பெயரேயன்றி, வண்டி செய்தவரின் பெயரன்று.

4. பின்னச்சும் ரயரும்

ஏஈ86இன் பின்னச்சு திண்மையானது; அதிலே கேம்பரோ ரோவோ மாற்றத்தக்கதன்று. எனவே பின்புறத்தைச் சீர்ப்படுத்த ஓட்டுநரிடம் எஞ்சுவன சுருள்விற்கள், வேறுபாட்டுப் பற்சக்கரம், ரயர், காற்றழுத்தம் ஆகியனவே. சாதாரண வேறுபாட்டுப் பற்சக்கரம் வலுவை இலகுவாகச் சுழலும் சில்லுக்கே அனுப்பும். வளைவிலே நிறை நீங்கிய உட்சில்லு வீணே சுழல, வெளிச்சில்லு பிடியிழக்காது. அதனால் இருசில்லுகளையும் பிணைக்கும் வழுக்கற் கட்டுப்பாட்டுப் பொறி அவசியமாகின்றது. அதனை வாங்க இயலாதோர் உட்பற்சக்கரங்களை ஒட்டுவேலையால் இணைத்துவிடுவர். மலிவான இவ்வழி அச்சுத் தண்டுகளுக்குக் கூடுதலான பளுவைக் கொடுக்கும். சாதாரண வீதியிலே திரும்புதலும் கடினமாகும்.

ரயர்த் தெரிவின் அடிப்படை விதி, முன்னே பிடி மிகுதியும் பின்னே பிடி குறைவும் என்பதாகும். முன்புறத்துக்கு மென்மையான இறப்பர்க் கலவையும் விறைப்பான பக்கச்சுவரும் கொண்ட ரயரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். எதிர்த்திருப்பத்திலே வண்டியை வழிநடத்துவது அதுவே. பின்புறத்துக்குக் குறுகலானதும் கடினமானதுமான ரயர் பொருந்தும். அமெரிக்க விதிமுறைப்படி ரயரின் பக்கச்சுவரிலே பொறிக்கப்படும் தேய்மான எண் இங்கே ஓரளவு வழிகாட்டும். 200 எனப் பொறிக்கப்பட்டது மென்மையானது, விரைவிலே தேய்வது. 400க்கு மேற்பட்டது பொதுவாகக் கடினமானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் அவ்வெண்ணை வழங்குவோர் உற்பத்தியாளரேயாதலின், வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் அத்துணை நம்பத்தக்கதன்று.

விட்டமும் கருத்திற்கொள்ளத்தக்கது. 185/60க்குப் பதிலாக 185/55 அளவுள்ள 14 அங்குல ரயரைப் பின்புறம் பொருத்தினால் ஆரை ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் குறையும். அதே முறுக்கம் வீதியிலே 3 வீதத்துக்கு மேற்பட்ட கூடுதலான விசையாக வெளிப்படும். வேறு விகிதமுள்ள பற்சக்கரம் வாங்குவதற்கு வகையற்றோர் இவ்வாறு ரயரைக் கொண்டே கியரை மாற்றினர்.

காற்றழுத்தம் செலவேயில்லாத கருவி. முன்சில்லுகளிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலளவு வைத்து, பின்சில்லுகளிலே 40 இறாத்தலளவுக்கு உயர்த்தினால், பின்ரயரின் தொடுபரப்புச் சுருங்கிப் பிடி குறையும். வழுக்கலிலிருந்து மீண்டும் பற்றுதலும் சீராகும். சறுக்கும்போது ரயர் சூடேறி அழுத்தம் மேலும் உயருமாதலின், பக்கச்சுவரிலே பொறிக்கப்பட்ட உச்ச எல்லையை மறத்தலாகாது. நூலிழை வெளித்தெரியத் தேய்ந்த ரயரைப் 'பின்புறத்துக்குப் போதும்' எனப் பொருத்துவோர் தம்முயிரையும் பிறருயிரையும் பணயம் வைக்கின்றனர்.

சுயாதீனப் பின்தொங்கலுள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இலேசான வண்டிகளிலே பின்கோணங்களையும் மாற்றலாம். அவற்றிலே பின்கேம்பரைப் பூச்சியத்துக்கும் எதிர் 1 பாகைக்குமிடையே வைத்து, சிறிதளவு உள்நாடும் ரோவும் கொடுத்தல் நலம். ரயர் அகலம் முழுவதும் சீராகத் தேய்வதோடு, சறுக்கலும் முன்னறியத்தக்கதாகும்.

5. நிலைமை மாறியபோது

மேலே கூறியவற்றைச் சறுக்கோட்டத்தின் நிரந்தர விதிகளெனக் கொள்வது பெருந்தவறாகும். 2001இலே யப்பானில் 'டீ1 கிராண்ட் பிறீ' தொடராகவும், 2004இலே அமெரிக்காவில் 'போர்முலா டிரிப்ட்' தொடராகவும் இவ்வாட்டம் தொழில்முறைப் போட்டியாயிற்று. ரயர் நிறுவனங்களும் வண்டி நிறுவனங்களும் ஆதரவாளராயின. எஞ்சின்களின் வலு 500 குதிரைவலுவையும் கடந்து, அதன் இருமடங்கை எட்டியது. அவ்வளவு வலுவை வீதிக்கு மாற்றக் கடினரயர் பயன்படாது. ஆகவே பின்புறத்துக்கு அகன்ற, மென்மையான ரயரையே தெரிந்தெடுத்தனர், காற்றழுத்தத்தையும் தாழ்த்தினர். இலேசான காரிலே பிடியைக் குறைத்தல் விதியாயிருக்க, இங்கே பிடியைக் கூட்டுதல் விதியாயிற்று. ஓரிரு ஓட்டங்களிலேயே ஒரு சோடி ரயர் புகையாகிப் போதல் அங்கு இயல்பான செலவு.

இத்தலைகீழ் மாற்றமே எமது ஆய்வின் மையம். 'சரியான' கோணம், 'சிறந்த' ரயர் என்பன பொருள்களிலே உறைந்துள்ள குணங்களல்ல. ஒரு குறிப்பிட்ட வலு, நிறை, வீதி, பணவசதி ஆகியவற்றுக்கிடையே நிலவும் உறவே அச்சரியைத் தீர்மானிக்கின்றது. சாதாரண காருக்குத் தொழிற்சாலை விதிக்கும் கோணங்களும் அத்தகையனவே. ரயர் நெடுநாள் உழைத்தல், தேர்ச்சியற்ற ஓட்டுநருக்கும் வண்டி அடங்கியிருத்தல் ஆகிய தேவைகளின் விடையே அவை. நிலைமை மாறினால் உண்மையும் மாறும் என்னும் கூற்றைச் சூத்திரமாக ஒப்புவிப்பவர், அதனைப் பின்னச்சிலே பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

மலைப்பாதையிலே பிறந்த அறிவு பண்டமாகியதற்கும் சான்றுகள் உள. சூயிச்சி சிகெனோவின் 'இனிஷியல் டி' என்னும் சித்திரத்தொடர் 1995 முதல் 2013 வரை வெளிவந்தது. தந்தையின் சோயாக்கட்டிக் கடைக்காக விடியுமுன் மலையேறி விநியோகஞ் செய்யும் இளைஞனே அதன் நாயகன். ஆசனத்தருகே நீர்க்கிண்ணமொன்றை வைத்து, அது சிந்தாவண்ணம் ஓட்டும்படி தந்தை பணிப்பது சரக்கு உடையாதிருத்தற்பொருட்டு. ஓட்டும் திறன் தினசரி உழைப்பின் விளைபொருள் என்னும் உண்மையை அக்கதை, தன்னையறிந்தோ அறியாமலோ, நன்கு உணர்த்துகின்றது. ஆனால் அக்கதையின் புகழே ஏஈ86இன் விலையை உயர்த்தி, அந்நாயகனையொத்த இளைஞருக்கு அதனை எட்டாக்கனியாக்கிற்று. 2012இலே ரொயோட்டா '86' என்னும் பெயரிலேயே புதிய காரொன்றை வெளியிட்டது. எரிபொருட் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காரின் ஒருவகைக்குப் பொருத்தப்பட்ட அதே இன ரயரை இப்புதிய காருக்கும் அது தெரிந்தெடுத்தது. பிடி குறைந்த ரயரிலே குறைந்த வேகத்திலும் சறுக்கலாம் என்னும் வறியவனின் கண்டுபிடிப்பு, நிறுவனத்தின் விற்பனைச் சிறப்பாயிற்று.

6. முடிவாக

இரு தீவிர நிலைப்பாடுகளை நாம் தவிர்த்தல் வேண்டும். சறுக்கோட்டத்தைப் புனிதமான கைவினையாகப் போற்றுவோர், மலைப்பாதைகளிலே நிகழ்ந்த மரணங்களை மறந்துவிடுகின்றனர். மக்கள் செல்லும் வீதி பயிற்சிக்களமன்று. மூடிய திடலுக்கு வெளியே இவ்வறிவுக்கு இடமில்லை. அதனை முதலாளித்துவ வீண்செலவென ஒரே சொல்லால் ஒதுக்குவோரோ, அதனுள்ளே திரண்டுகிடக்கும் உழைப்பாளரின் அறிவைக் காணத் தவறுகின்றனர். நேரத்தால் அளக்கப்படாமல் வேகம், கோணம், சென்ற கோடு ஆகியவற்றை நடுவர் நோக்கி மதிப்பிடும் போட்டியாக இது வளர்ந்துள்ளது. பயன்கருதிய செயலொன்று எவ்வாறு வடிவ அழகை நோக்கி நகர்கின்றது என ஆராயும் இலக்கிய மாணவருக்கு இஃது அயலான விடயமன்று.

வீண்செலவு பற்றிய வினா எம்மைப் பொறுத்தவரை அருகிலேயே உள்ளது. பிரேசிலிலிருந்து திரட்டப்பட்டு இலண்டன் கியூ பூங்காவிலே முளைக்கவைக்கப்பட்ட இறப்பர்க் கன்றுகள், 1876இலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டப் பொருளாதாரத்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. இன்று காரின் ரயர் தரையைத் தொடும் பகுதியிலே செயற்கை இறப்பரே பெரும்பங்கு வகிக்கின்றது. எனினும் ரயரின் உடற்பகுதிக்கு இயற்கை இறப்பர் இன்னும் தேவைப்படுகின்றது. களுத்துறையிலும் கேகாலையிலும் பால்வெட்டும் தொழிலாளி, மரத்திலே பால் நன்கு ஊறும் அதிகாலையிலேயே கத்தியோடு புறப்படுகிறார். மழை பெய்தால் அன்றைய வேலை பாழ். பட்டையை எவ்வளவு ஆழம், எத்தனை பாகைச் சாய்விலே வெட்டினால் மரம் சாகாமற் பால் தரும் என்பதை அவரது கை அறியும். அதுவும் கோணங்கள் பற்றிய அறிவே. அதற்கு நடுவருமில்லை, ஆதரவாளருமில்லை.

ஒரு சோடி ரயரை ஓரிரு ஓட்டங்களிலே புகையாக்கும் பெரும்போட்டிக்கும், கிடைத்த கடின ரயரைக் காற்றழுத்தத்தாலும் கோணத்தாலும் பயன்படச் செய்த மலைப்பாதை இளைஞனுக்குமிடையே உள்ள வேறுபாட்டைப் பால்வெட்டுபவரின் பக்கத்திலிருந்து நோக்கும்போதே நாம் சரிவர மதிப்பிட முடியும். முன்னையது உழைப்பின் விளைவை எரிக்கின்றது. பின்னையது அதனைச் சிக்கனமாகக் கையாள்கின்றது. இலேசான காரின் சில்லுக் கோணங்களைக் கற்பதன் பயன் இவ்வேறுபாட்டைக் காண்பதிலேயே தங்கியுள்ளது என்பது எமது துணிபு.